மற்றும் குழுவினர்

வானொலியில் பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்வார், இசையமைத்தவரைச் சொல்வார், பாடியவரைச் சொல்வார். கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி 'மற்றும் குழுவினர்' என்று முடிப்பார். சிறுவயதில் எனக்கு அந்தக் குழுவினர் மீதுதான் ஆசை. பல்லவி திரும்பி வரும்போதெல்லாம் சட்டென்று எழுந்து பாட்டைத் தோளில் தூக்கிக்கொள்ளும் அந்தப் பெண்குரல்கள் யாருடையவை, எத்தனை பேர், அவர்களுக்குள் யார் மேலே போகிறாள், யார் கீழே தங்குகிறாள் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் பதில் தெரியாது. இசைத்தட்டு உறையிலும் பெரும்பாலும் இருக்காது.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைச் செங்கல்பட்டுக் கழனிக்கும் மாமல்லபுரத்துக் கடற்கரைக்கும் கொண்டுபோகிறது. நாட்டுப்பாடல் தேடல் நமக்குப் புதிதல்ல. சார்லஸ் கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் தொகுத்தார். 1943இல் மு. அருணாசலத்தின் 'காற்றிலே மிதந்த கவிதை' வந்தது. பெர்சி மாக்வீன் என்ற ஆங்கில அதிகாரி சேர்த்துவைத்த பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் 1958இல் 'மலையருவி'யாகப் பதிப்பித்தார். 1964இல் நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' வெளியானது. இவர்கள் இல்லாவிட்டால் நம் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. ஆனாலும் இந்த மரபில் வந்த தொகுப்புகளைப் புரட்டும்போது ஒன்று உறுத்துகிறது. பாட்டின் சொல் பெரும்பாலும் முழுதாக வந்துவிட்டது. அது எத்தனை வாயிலிருந்து, எந்த ஒழுங்கில் வந்தது என்பது விட்டுப்போய்விட்டது. பத்துப் பெண்கள் பங்கிட்டுப் பாடிய பாட்டு, அச்சில் ஒருத்தியே பாடியதுபோல வரிவரியாக நிற்கிறது. நாம் சேர்ந்து பாடுவதன் தொழில்நுட்பத்தை ஒரு கலையாக எண்ணி ஆராயவே இல்லை என்பது என் குற்றச்சாட்டு.

இந்தக் குறை எனக்கு உறைத்தது, தொலைதூரத்து மரபு ஒன்றைப் படித்தபோதுதான். அமெரிக்காவில் 'பார்பர்ஷாப்' என்றொரு பாட்டு முறை இருக்கிறது. சலூனில் முறைக்காகக் காத்திருந்தவர்கள் சேர்ந்து பாடிப் பழகியதால் வந்த பெயர் என்பார்கள். கறுப்பின மக்களிடையே வளர்ந்து, பிறகு வெள்ளையர் தமதாக்கிக்கொண்ட முறை இது. நாலே பேர், பக்கவாத்தியம் கிடையாது. மெட்டைப் பாடுபவருக்கு 'லீட்' என்று பெயர். அவருக்கு மேலே மெல்லிசாக 'டெனர்', அடியில் 'பேஸ்', இடையில் எஞ்சிய சுரத்தை எல்லாம் பொறுக்கி நிரப்புபவர் 'பாரிடோன்'. 1938இல் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் ஆண்கள் இதற்கு ஒரு சங்கம் வைத்தார்கள். 1945இல் அதே ஊரில் எட்னா மே ஆண்டர்சன் என்பவரும் தோழிகளும் 'ஸ்வீட் அடிலைன்ஸ்' என்று பெண்களுக்கென்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆண்கள் சங்கத்தின் கதவு பெண்களுக்கு உறுப்பினராகத் திறந்தது 2018இல்தான். இல்லத்தரசி, ஆசிரியை, செவிலி என்று அவரவர் வேலையை முடித்துவிட்டு வாரத்தில் ஒரு மாலை கூடிப் பாடுகிறவர்கள் அந்தப் பெண்கள். கச்சேரிக்காரர்கள் அல்லர்.

அந்த நாலு குரலும் சரியான சுருதியில் பூட்டிக்கொண்டால் யாரும் பாடாத ஐந்தாவது குரல் ஒன்று தலைக்கு மேலே ஒலிக்கும் என்று அவர்கள் சொல்வார்கள். மாயம் ஒன்றும் இல்லை. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்ற விகிதத்தில் அதிர்வுகள் அமையும்போது அவற்றின் மேல்சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வலுக்கின்றன; காது அதைத் தனிக் குரலாக உணர்கிறது. தம்புராவோடு பழகியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் மட்டும் சேர்த்த தந்திகளிலிருந்து, யாரும் மீட்டாத காந்தாரம் தானாக எழும். அதற்குச் சுயம்பு காந்தாரம் என்று பெயரே வைத்திருக்கிறோம். கேட்கும் காது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அவர்கள் அந்தக் காதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குரலுக்கும் ஒரு பெயர், ஒரு வேலை, ஒரு மரியாதை கொடுத்தார்கள். நாம் 'குழுவினர்' என்றோம்.

எப்போதும் அப்படிச் சொன்னோமா என்றால் இல்லை. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைப் புறஞ்சேரியில் குடத்துப்பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. தீங்கு வருகிறது என்று அஞ்சிய ஆய்ச்சி மாதரி குரவை ஆட ஏழு பெண்களை நிறுத்துகிறாள். நிறுத்தியதும் அவள் செய்யும் முதல் வேலை அவர்களுக்குப் பெயர் வைப்பது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். சுரங்களின் பெயர்களே பெண்களின் பெயர்கள். குரலாக நின்றவள் மாயவன், இளியாக நின்றவள் பலராமன், துத்தமாக நின்றவள் நப்பின்னை. கற்கடகக் கை கோத்து வட்டமாக நிற்கிறார்கள். அதன்பிறகு இளங்கோ சொல்வது இன்னும் நுட்பமானது. ஒருத்தி மெலிவில், ஒருத்தி சமனில், ஒருத்தி வலிவில் நிற்க, விளரியாக நின்றவள் பின்துணை பிடிக்கப் பாட்டு எடுக்கப்படுகிறது. கீழ், நடு, மேல் என்ற மூன்று தானமும் வேறுவேறு தொண்டைகளுக்குப் பிரித்துத் தரப்பட்டிருக்கின்றன. அவை ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலித்தனவா, ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தனவா என்று அந்த வரிகளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகர'த்தில் தொடங்கிவைத்த ஆராய்ச்சி வட்டப்பாலை என்ற பழைய பண்முறையின் கணக்கையும் சுருதிகளின் எண்ணிக்கையையும் நோக்கிப் போயிற்று. எழுவரும் எப்படிச் சேர்ந்து பாடியிருப்பார்கள் என்ற எளிய கேள்வி ஓரமாக நின்றுவிட்டது.

அதே காப்பியத்தின் வாழ்த்துக்காதையில் அம்மானை வருகிறது. ஒருத்தி கேட்பாள், ஒருத்தி பதில் சொல்வாள், மூன்றாமவள் அதன்மேல் ஒரு முத்தாய்ப்பு வைப்பாள். மூன்று குரலுக்கு ஒரு பாட்டு. அதே காதையில் உலக்கை மாற்றிக் குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டும் உண்டு. உலக்கை ஏறும்போது ஒருத்தி, இறங்கும்போது இன்னொருத்தி. குரலைப் பங்கிடும் கணக்கு நம் இலக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது.

மாமல்லபுரம் போகிறவர்கள் கிருஷ்ண மண்டபத்தில் சற்று நிற்கலாம். கோவர்த்தன மலையைத் தூக்கும் கண்ணனைப் பார்த்துவிட்டுச் சுவரின் ஓரங்களுக்கு வாருங்கள். பால் கறப்பவன், கன்றை நக்கும் பசு, பானைகளை அடுக்கித் தூக்கி நிற்கும் ஆய்ச்சி. பல்லவச் சிற்பி மலை தூக்கியவனுக்குத் தந்த அதே கவனத்தை அந்தப் பானைகளுக்கும் தந்திருக்கிறான். மாதரியின் ஏழு பெண்களை நான் மனசில் பார்ப்பது அந்தச் சுவரில்தான்.

இனி கழனிக்கு இறங்குவோம். செங்கல்பட்டு ஏரிப் பாசனச் சீமை. மதுராந்தகம் ஏரி தொடங்கி ஊருக்கு ஒன்றாக ஏரிகள்; சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நடவுக் காலங்கள். நடவுப் பாட்டு பிறப்பது இங்கேதான். அதைப் பாட்டாக மட்டும் கேட்டால் பாதிதான் புரியும். உடம்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எட்டுப் பத்துப் பெண்கள் ஒரே வரிசையில் குனிந்து நிற்கிறார்கள். இடக்கையில் நாற்றுமுடி, வலக்கை சேற்றில். நட்டுக்கொண்டே பின்னால் நகர வேண்டும். முன்னால் போனால் நட்டதை மிதித்துவிடுவோம். இடுப்பு மடங்கி, வயிறு அமுங்கியிருக்கிற நிலையில் நெஞ்சில் மூச்சுக்கு இடம் குறைவு. மேடைப் பாடகி போல நிமிர்ந்து, இழுத்து, நீட்டிப் பாட முடியாது. அதனால் வரி சின்னதாகிறது. முன்பாட்டு எடுப்பவள் ஒரு வரியைப் போட்டு நிறுத்துவாள். மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள், அல்லது அவ்வூருக்குப் பழகிய ஒரு அடியைச் சேர்த்துச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் முன்பாட்டுக்காரிக்கு இரண்டு கிடைக்கிறது. ஒன்று மூச்சு. மற்றது யோசிக்க நேரம். வரப்பில் குடை பிடித்து நிற்கும் பண்ணைக்காரரைப் பற்றியோ, நேற்று ராத்திரி சண்டை போட்ட புருஷனைப் பற்றியோ அடுத்த வரியை அவள் கட்டுவது பின்பாட்டு ஒலிக்கும் அந்தச் சில நொடியில்தான். பின்பாட்டு தாங்கிப் பிடிக்காவிட்டால் முன்பாட்டுக்குக் கற்பனை இல்லை. இதை எதிரொலி என்று எழுதுவது தப்பு.

இன்னும் கிட்டப்போய்க் கேட்டால் வேறொன்று தெரியும். பின்பாட்டின் கடைசி அசை இழுபட்டுக்கொண்டிருக்கும்போதே முன்பாட்டுக்காரி அடுத்த வரியை மேலே எடுத்துவிடுவாள். அந்தக் கணத்தில் இரண்டு சுரம் சேர்ந்து ஒலிக்கும். வரிசையின் கோடியில் நிற்கும் சிறுபெண்ணுக்கு அந்தச் சுருதி எட்டாது. அவள் தன் போக்கில் ஒரு சுரம் பிடித்துத் தங்குவாள். இன்னொருத்தி மேல் ஸ்தாயிக்குத் தாவுவாள். எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள், ஆனால் யாரும் அச்சு அசலாக ஒரே கோட்டில் இல்லை. வளைந்து வளைந்து போகும் அந்தக் கோடுகளுக்கு நடுவே உள்ள இடம்தான் நடவுப் பாட்டின் அழகு. ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்காரவைத்து 'பாடு' என்றால் கிடைப்பது வேறொரு பாட்டு. பல தொகுப்பாளர்களுக்குக் கிடைத்தது அந்தத் திண்ணைப் பாட்டு.

பார்பர்ஷாப்பில் நாலு பேரும் ஒரே நொடியில் வெவ்வேறு உயரத்தில் நின்று பாட்டைப் பங்கிடுகிறார்கள். நம் பெண்கள் காலத்தில் பங்கிடுகிறார்கள்: யார் எடுப்பது, யார் வாங்குவது, எங்கே ஒருவர்மேல் ஒருவர் ஏறுவது என்று. 'இந்திய இசையில் சேர்ந்திசை கிடையாது' என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். ராகத்தின் சுரம் நின்ற இடத்தில் நிற்காது, தோடியின் காந்தாரத்தைப் போல ஆடிக்கொண்டே இருக்கும், அதன்மேல் இன்னொரு சுரத்தை அடுக்க முடியாது என்பது கர்நாடக இசை வரைக்கும் சரியான பதில். அது கழனிக்குப் பொருந்தாது.

தெருக்கூத்திலும் பின்பாட்டு உண்டு. கூத்தாடிக்குப் பின்னால் நின்று அடியை வாங்கிப் பாடி அவனைத் தூக்கி நிறுத்துவது அதுதான். நெடுங்காலம் அந்த இடம் ஆண்களுக்கே இருந்தது. காஞ்சிபுரத்துக் கட்டைக்கூத்துச் சங்கம் பெண்பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்த பிறகு, திறந்த தொண்டையில் பெண்கள் கூத்துப் பாட்டு வாங்கிப் பாடுவதைக் கேட்க முடிந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் அடங்கிய ஊர்தான் அது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது 2019 நவம்பரில்தான்.

கும்மியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கைதட்டு தாளத்தைப் பார்த்துக்கொள்வதால் குரல் சுதந்திரமாக இருக்கிறது என்பதைத் தவிர நான் சேர்க்க அதிகம் இல்லை. பாரதி பெண் விடுதலையைக் கும்மியில் வைத்துப் பாடியதற்குக் காரணம் அந்த வட்டத்தில் முதல் இடம், கடைசி இடம் என்று எதுவும் கிடையாது என்பதாக இருக்கலாம்.

ஒப்பாரியிடம் மட்டும் சற்று நிற்க வேண்டும். சாவு வீட்டு வாசலில் புதிதாக வந்து இறங்குகிறவளை ஏற்கெனவே அழுதுகொண்டிருப்பவர்கள் கட்டிப்பிடித்து வட்டத்துக்குள் இழுக்கிறார்கள். தோள்மேல் கை, தலையோடு தலை. வட்டம் மெல்ல அசைகிறது. மெட்டு எல்லாருக்கும் ஒன்று. சொல் ஆளுக்கு ஒன்று. மகள் அப்பாவைக் கூப்பிடுகிறாள், தங்கை அண்ணனைக் கூப்பிடுகிறாள், பக்கத்து வீட்டுக்காரி போன வருஷம் செத்துப்போன தன் பிள்ளையைக் கூப்பிடுகிறாள். ஆறு பேர் ஆறு வேறு பாட்டை ஒரே மெட்டில் ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். ஒருத்தியின் குரல் விம்மி அறும்போது இன்னொருத்தியின் குரல் மேலெழும். அழுகை அறுவதே இல்லை. உலக இசையில் பல குரல் மரபுகளைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். நம் தெருவில் நடக்கும் இந்தப் பல குரலுக்கு ஈடாக நான் எதையும் கேட்டதில்லை.

தமிழகத்துப் பறையர் பெண்களின் அழுகைப் பாட்டுகளைப் பற்றி மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக் 1980களில் எழுதியிருக்கிறார். இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட நூலின் தலைப்பே செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருள்பட அமைந்தது. ஒப்பாரியில் ஒவ்வொருத்தியும் தன் துயரத்தைத்தான் பாடுகிறாள் என்பது அதன் சாரம். குரல்கள் ஏன் ஒன்றாகக் கரைந்துவிடுவதில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல விளக்கம் இது. ஒருத்தியின் துக்கம் இன்னொருத்தியின் துக்கம் ஆகாது. ஆனாலும் தாங்கிப் பிடிக்க ஒரு தோள் வேண்டும். மெட்டு அந்தத் தோள். இப்போது பல ஊர்களில் கூலிக்கு வரும் குழுவின் கையில் மைக் வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் ஒரு தொண்டை அலற, வாசலில் வட்டம் கட்டிய பெண்கள் பேச்சற்று உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

கோயில் பக்கம் போனால் கதை வேறு. மார்கழியில் தோழிகளை எழுப்பி நீராடப் போகும் பெண்களின் கூட்டுப் பாட்டாகத்தான் ஆண்டாள் திருப்பாவையின் முப்பது பாசுரங்களையும், மாணிக்கவாசகர் திருவெம்பாவையின் இருபது பாடல்களையும் வைத்தார்கள். திருக்கடல்மல்லை என்னும் மாமல்லபுரம் பூதத்தாழ்வார் அவதரித்த தலம். தலசயனப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெரும்பாலான திவ்ய தேசங்களில் சந்நிதி கோஷ்டியில் நின்று பிரபந்தம் சேவிப்பவர்கள் ஆண்களே. ஒரு பெண் தோழிகளுக்காகப் பாடியதை ஆண்கள் வரிசையில் நின்று சொல்ல, பெண்கள் ஓரமாக நின்று வாய்க்குள் சொல்கிறார்கள். அந்தப் பாசுரங்களைப் பெண்கள் வாய்விட்டுச் சேர்ந்து பாடுவது வீட்டுக் கூடத்திலும் பஜனை மண்டலியிலும்தான். திருப்புகழ், லலிதா சகஸ்ரநாமம் என்று வாரம் ஒருநாள் கூடும் மத்தியதர வீட்டுப் பெண்களின் குழுக்கள் இந்த வகை. நம்மிடம் உள்ள அமெச்சூர் பாட்டுக் குழு என்றால் எண்ணிக்கையில் இதுதான் பெரியது. ஆனால் அங்கே எல்லாரும் ஒரே சுருதியில், ஒரே வேகத்தில், பிசிறு இல்லாமல் சொல்வதே இலட்சணம்.

மேல்மருவத்தூரில் அந்த இலட்சணம் பெரும் அளவில் நடக்கிறது. பங்காரு அடிகளார் (1941–2023) தொடங்கிய ஆதிபராசக்தி வழிபாட்டு மன்றங்களில் செவ்வாடை உடுத்திய பெண்கள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து போற்றி சொல்கிறார்கள். மாதவிலக்கைக் காரணம் காட்டி யாரையும் வெளியே நிறுத்தாத அந்த இடம், கருவறைப் பக்கமே வர முடியாதிருந்த பெண்களின் குரலைக் கருவறைக்குள் கொண்டுபோனது. இசையாக அதில் நுணுக்கம் தேடுவதில் பயனில்லை. முந்நூறு பெண்கள் ஒரே மூச்சில் ஒரு சொல்லைச் சொல்வதன் பலம் வேறு.

நாலு குரலும் நாலு சுரமும் அப்படியே வேண்டுமானால் தேவாலயத்துக்குப் போக வேண்டும். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. கோவளம் கடற்கரையில் கத்தோலிக்கக் கார்மேல் மாதா கோயில் இருக்கிறது. தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் இரண்டு வகைப் பாட்டு உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனைகள் ராகத்தில், ஒரே குரலில். பாமாலைகள் மேல்நாட்டு மெட்டில், சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு பார்ட்டில். எந்தச் சபையின் கொயர் ஒத்திகைக்கும் போய் ஆல்ட்டோ வரிசையைக் கவனித்துப் பாருங்கள். சோப்ரானோவுக்குத் தெரிந்த மெட்டு கிடைத்துவிடும், உற்சாகமாக ஏறி இறங்கலாம். ஆல்ட்டோ பாடும் பெண்ணுக்குக் கிடைப்பது மி, மி, மி, ரே, மி. கையில் சோல்ஃபா எழுதிய நோட்டு, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு தன் சுரத்தைக் காப்பாற்றப் பாடுபடுவாள். பக்கத்தில் மெட்டு இழுக்கும், போகக் கூடாது. வீட்டுக்குப் போய் அவள் தன் பார்ட்டை மட்டும் பாடிக் காட்டினால் பிள்ளைகள் இது என்ன பாட்டு என்று கேட்பார்கள். அவள் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டு மொட்டையாக நிற்கும். பார்பர்ஷாப்பில் பாரிடோன் படும் பாடும் இதுதான். தன் வரி தனியாக நிற்காது என்று தெரிந்தும் அதை நுணுக்கமாகப் பாடுகிற மனசுதான் சேர்ந்து பாடும் கலைக்கு அடிப்படை என்று நான் நம்புகிறேன்.

இந்தப் பார்ட் முறையைத் தேவாலயத்துக்கு வெளியே, தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் எம்.பி. சீனிவாசன். திரை இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கண்டவர் அவர். 1970களின் தொடக்கத்திலிருந்து சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நடத்தினார். பாரதி பாடல்களைப் பல குரலுக்குப் பிரித்து எழுதினார். பாடியவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையில் வந்து பழகியவர்கள். 1988இல் லட்சத்தீவில் மாணவர்களுக்குச் சேர்ந்திசை சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் இறந்தார். 'சேர்ந்திசை' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அவர் ஞாபகம்தான். அவர் போட்ட வழியில் ஊருக்கு ஒரு பெண்கள் குழு கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை.

ஏன் இல்லை என்பதற்கு 'நேரம் இல்லை' என்ற பதில் உண்மைதான், போதுமானதல்ல. நால்வர் குழு என்பது அதே நாலு பேர் பல வருஷம் பிரியாமல் இருந்தால் கைகூடும் கலை. ஒருத்தியின் மூச்சு எங்கே முடியும் என்று மற்ற மூவருக்கும் மனப்பாடமாக வேண்டும். நம் ஊரில் சேர்ந்து கும்மியடித்த பெண்கள் கல்யாணத்தோடு நாலு ஊருக்குப் பிரிகிறார்கள். புகுந்த வீட்டு ஊரில் நடவுக்கு இறங்கும்போது பக்கத்தில் நிற்பவள் புது முகம். (அத்தை மகனையோ மாமன் மகனையோ கட்டியவளுக்குக் கொஞ்சம் கொடுப்பினை, அங்கே இரண்டு தெரிந்த முகமாவது இருக்கும்.) இப்படிப்பட்டவர்களுக்கு என்ன வகைப் பாட்டு வேண்டும்? முதல் நாளே கலந்துகொள்ளக்கூடிய பாட்டு. ஒரு வரியைக் காதில் வாங்கித் திருப்பிச் சொன்னால் போதும் என்ற பாட்டு. பின்பாட்டின் வடிவம், தோழிகளைத் தக்கவைத்துக்கொள்ள முடியாத பெண்கள் தமக்கென்று கண்டுபிடித்த வடிவம் என்பது என் துணிபு. ஏட்டில் யாரும் இப்படிச் சொல்லி நான் படித்ததில்லை. கழனியில் கேட்டால் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணம், அடுத்துத் தோளோடு தோள் நிற்பவள் யார் என்பது. நடவு வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். பஜனை மண்டலியின் கூடம் வேறு தெரு. கொயர் வேறு தெரு. பழங்குடிகளான இருளரின் குடிசை ஊருக்கு வெளியே. ஒரே ஏரியின் தண்ணீரைக் குடிக்கும் இவர்கள் ஒருவர் பாட்டை ஒருவர் காதால் கேட்டிருக்கிறார்கள், வாயால் சேர்ந்ததில்லை. அமெரிக்கப் பெண்களின் கதையிலும் இந்தக் கறை உண்டு. 1950களின் பின்பாதியில் ஸ்வீட் அடிலைன்ஸ் வெள்ளையரல்லாதவரைச் சேர்ப்பதில்லை என்று விதி செய்தது. அதை ஏற்காத கிளைகள் வெளியேறி 1959இல் 'ஹார்மனி இன்கார்பரேட்டட்' என்று தனிச் சங்கம் கண்டன. நாலு சுரம் ஒத்துப்போவதற்காகவே கூடியவர்கள் பக்கத்தில் நிற்பவளின் தோலைப் பார்த்தார்கள். அதைப் பொறுக்காமல் வெளியே போன பெண்களை நான் மதிப்போடு நினைக்கிறேன். நம் பக்கம் அப்படி ஒரு வெளியேற்றம் நடக்கவில்லை, ஏனென்றால் வெளியேறுவதற்கு முதலில் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பாட்டு இருந்த இடங்களும் சுருங்கிவருகின்றன. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய கழனிகளில் பல மனைகளாகிவிட்டன. மீந்த இடத்தில் நடவு இயந்திரம் இறங்குகிறது. அதன் இரைச்சலில் யாரும் வரி எடுக்க மாட்டார்கள். மருமகள்கள் மறைமலை நகர்ப் பக்கம் கம்பெனி வேனில் போகிறார்கள், காதில் ஆளுக்கொரு இயர்போன். நடவுப் பாட்டு முழுதாகத் தெரிந்த கிழவிகளும் அது தெரியாத பெண்களும் இன்னும் ஒன்றாக உட்காரும் இடம் நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை ஒன்றுதான் என்று தோன்றுகிறது. ஆராய்ச்சி மாணவர்கள் நூலகத்தை விட்டு அங்கே போகலாம். போகும்போது ஒரு செல்போன் போதாது. வரிசையின் இரண்டு கோடியிலும் நடுவிலும் ஒவ்வொன்று வைத்துப் பதிய வேண்டும். அப்போதுதான் யார் எடுத்தாள், யார் வாங்கினாள், யார் தங்கினாள் என்று பிரித்துக் கேட்க முடியும்.

போக வேண்டிய இன்னொரு இடம் மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று பல பக்கத்திலிருந்தும் இருளர்கள் முதல்நாளே குடும்பத்தோடு வந்து, கடற்கரைக் கோயிலுக்கு அருகே மணலில் சேலையும் தார்பாயும் கட்டித் தங்குகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட கன்னியம்மனைச் சமாதானம் செய்து வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கூட்டம். பௌர்ணமி நிலா மேற்கே இறங்கி, கிழக்கே வெளுக்கும் நேரத்தில் அலை ஓரமாக ஈர மணலில் ஏழு படி கட்டுகிறார்கள். பூ வைக்கிறார்கள், கற்பூரம் ஏற்றுகிறார்கள், கல்யாணம் பேசி அங்கேயே தாலி கட்டுகிறார்கள், பிள்ளைகளுக்கு மொட்டை அடிக்கிறார்கள்.

கன்னிமார் ஏழு பேர். மாதரி நிறுத்திய பெண்களும் ஏழு. இந்த இரண்டு ஏழுக்கும் நேரடி உறவு உண்டு என்று நான் வாதாட வரவில்லை. அந்த விடியலில் ஒவ்வொரு குடும்பமும் தன் தன் படிக்கட்டின் முன்னால் தன் குரலில் அம்மனைக் கூப்பிடுகிறது. பத்தடிக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு சுருதி, நடுவே அலை. ஒரு கூட்டத்தில் வயசான அம்மா ஒருத்தி எடுக்கிறாள், மகளும் மருமகளும் வாங்குகிறார்கள், இடுப்பில் குழந்தையோடு நிற்கும் பெண் எல்லாருக்கும் அடியில் ஒரே சுரத்தில் தங்கியிருக்கிறாள். கடல் பக்கமாகத் திரும்பிப் பாடும் அந்த நாலு பேரிடமும், பூசை முடிந்து படிக்கட்டை அலை கொண்டுபோன பிறகு, மணலில் கூட உட்கார்ந்து நோட்டைத் திறந்து தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும்: உங்கள் பெயர் என்ன, எந்த ஊர், யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், நீங்கள் பாடும் அந்தக் குரலுக்கு உங்கள் வழக்கில் என்ன பெயர்.